காரின் பிறப்பும் காரின் தரமும்

புதுக் கார் வாங்கப்போவதாக ஒருவர் சொன்னால் போதும், சுற்றியிருப்பவர்கள் உடனே கட்சி பிரிந்துவிடுவார்கள். "ஜெர்மன் வண்டின்னா ஜெர்மன் வண்டிதான், கதவைச் சாத்துற சத்தத்துலயே தெரிஞ்சிடும்" என்பார் ஒருவர். "அதெல்லாம் அந்தக் காலம். இன்னிக்கு டாடாவும் மஹிந்திராவும்தான் இரும்பு, மத்ததெல்லாம் தகரம்" என்பார் அடுத்தவர். "எவ்வளவு ஸ்டார் வாங்கி என்ன? ஒர்க்‌ஷாப் பக்கம் போகாம பத்து வருஷம் ஓடணும்னா ஜப்பான் வண்டிதான்" என்று மூன்றாமவர் முடிப்பார். மூவரும் தத்தம் அனுபவத்திலிருந்துதான் பேசுகிறார்கள். மூவரிடமும் ஓரளவு உண்மை இருக்கிறது.

வீட்டுக்கு அடுத்தபடியாக ஒரு நடுத்தரக் குடும்பம் செய்யும் பெரிய செலவு கார். 2022ஆம் ஆண்டில் மட்டும் இந்தியச் சாலைகளில் 1,68,491 பேர் இறந்தார்கள். அந்த ஆண்டு நாட்டிலேயே அதிக விபத்துகள் பதிவான மாநிலம் தமிழ்நாடு. இங்கே இறந்தவர்கள் 17,884 பேர். இதில் பெரும்பங்கு இருசக்கர வாகனத்தில் சென்றவர்களும் பாதசாரிகளும் என்றாலும், காருக்குள் இருந்தவர்களும் ஆயிரக்கணக்கில் உண்டு. ஆகவே எந்தக் கார் பாதுகாப்பானது, எது நீடித்து உழைக்கும் என்ற கேள்விகளுக்குச் சான்றுகளின் துணையோடு பதில் தேடியாக வேண்டும். கம்பெனியின் தாய்நாட்டை வைத்துக் காரை எடைபோடும் பழக்கம் அந்தத் தேடலுக்குத் தடையாக நிற்கிறது. ஒரு கார் எந்தச் சந்தைக்காக, எந்தச் சட்டத்தின்கீழ், எத்தகைய தொழிற்சாலை ஒழுங்கோடு செய்யப்பட்டது என்பதுதான் அதன் தரத்தைத் தீர்மானிக்கிறது. கடந்த நாற்பது ஆண்டுகளின் சான்றுகள் இதையே திரும்பத் திரும்பக் காட்டுகின்றன.

எது உள்நாடு, எது வெளிநாடு?

சுதந்திரத்துக்குப் பிந்தைய பத்தாண்டுகளில் இந்தியாவின் 'சொந்தக் கார்'களாகப் பெயர்பெற்றவை மூன்று. அம்பாசிடர், பிரிட்டனின் மோரிஸ் ஆக்ஸ்ஃபோர்டு. பிரீமியர் பத்மினி, இத்தாலியின் ஃபியட் 1100. சென்னையை அடுத்த வண்டலூரில் செய்யப்பட்ட ஸ்டாண்டர்டு ஹெரால்டு, பிரிட்டனின் டிரயம்ஃப் ஹெரால்டு. வெளிநாட்டில் வரைந்த காரை இந்தியத் தொழிலாளர்கள் இங்கே செய்தார்கள்.

1983 டிசம்பரில் வெளிவந்த மாருதி 800உம் சுஸுகியின் வடிவமைப்புதான். அப்போது மாருதி அரசு நிறுவனம். சுஸுகியின் பங்கு 26 சதவீதம். இன்று பாதிக்கு மேற்பட்ட பங்கு ஜப்பானிய சுஸுகியிடம் இருக்கிறது. நாட்டின் மூலைமுடுக்கெல்லாம் 'நம்ம ஊர் வண்டி'யாகப் பழகிவிட்ட மாருதி, உரிமையின் கணக்கில் வெளிநாட்டு நிறுவனத்தின் கிளை.

எதிர்ப்பக்கம் டாடாவின் ஹாரியரைப் பாருங்கள். கம்பெனி இந்தியக் கம்பெனி. காரின் அடித்தளம் டாடாவுக்குச் சொந்தமான பிரிட்டனின் லேண்ட் ரோவரிலிருந்து எடுத்து மாற்றியமைத்தது. டீசல் எஞ்சின் ஃபியட்டின் வடிவமைப்பு. ஆட்டோமேட்டிக் கியர்பாக்ஸ் ஹூண்டாயிடமிருந்து வந்தது. இந்தக் காருக்கு எந்த நாட்டு முத்திரை குத்துவது?

சென்னைக்கு அருகே மறைமலை நகரில் ஃபோர்டு செய்த ஈக்கோஸ்போர்ட் 2018இல் அமெரிக்காவில் விற்பனைக்குச் சென்றது. அமெரிக்கக் கம்பெனியின் காராக இருந்தும், அமெரிக்கர்களுக்கு அது இந்தியாவிலிருந்து வந்த இறக்குமதிக் கார். இந்தியாவில் செய்யப்படும் சுஸுகி ஃபிராங்க்ஸ் 2024 முதல் ஜப்பானுக்குப் போகிறது. அங்கே விற்கும் ஃபிராங்க்ஸில், முன்னால் தடை தெரிந்தால் தானே பிரேக் போடும் வசதி உண்டு. அது ஜப்பானில் அறிமுகமான காலத்தில் இங்கே விற்ற ஃபிராங்க்ஸில் அந்த வசதி கிடையாது.

முழுக்கக் கட்டி முடித்துக் கப்பலில் வந்திறங்கும் கார்கள் நம் சாலையில் மிகச் சொற்பம். சுங்க வரி அவ்வளவு கடுமை. பி.எம்.டபிள்யூ கார்கள்கூட 2007 முதல் செங்கல்பட்டுப் பக்கம் மஹிந்திரா வேர்ல்டு சிட்டியில் பாகங்களைக் கோத்துச் செய்யப்படுகின்றன. எனவே நம் ஊர்ப் பேச்சில் 'ஃபாரின் கார்' என்பதற்கு, பெயர்ப்பலகை வெளிநாட்டுக் கம்பெனியுடையது என்பதற்கு மேல் பொருள் இல்லை.

2014: ஐந்து கார்களும் பூஜ்யம்

இந்தியாவில் கார் பாதுகாப்பு பற்றிய பேச்சு ஊகத்திலிருந்து சான்றுக்கு மாறியது 2014 ஜனவரியில். குளோபல் என்கேப் என்னும் அமைப்பு இந்தியச் சந்தையின் ஐந்து கார்களை மணிக்கு 64 கிலோமீட்டர் வேகத்தில் தடுப்பில் மோதவிட்டுச் சோதித்தது: மாருதி ஆல்ட்டோ 800, டாடா நானோ, ஹூண்டாய் ஐ10, ஃபோர்டு ஃபிகோ, ஃபோக்ஸ்வாகன் போலோ. இந்திய, ஜப்பானிய, கொரிய, அமெரிக்க, ஜெர்மானிய நிறுவனங்கள் எல்லாம் இந்த வரிசையில் இருந்தன. எல்லாம் ஏர்பேக் இல்லாத அடிப்படை மாடல்கள். ஐந்துமே பெரியவர்களின் பாதுகாப்பில், ஐந்து ஸ்டார் அளவுகோலில், பூஜ்யம் வாங்கின.

ஆனால் ஐந்து பூஜ்யங்களும் ஒரே தன்மையுடையவை அல்ல. ஃபிகோ, போலோ இரண்டிலும் பயணிகள் இருக்கும் கூடு குலையாமல் நின்றது. ஏர்பேக் இல்லாததால் ஓட்டுநர் இடத்தில் வைத்த சோதனைப் பொம்மையின் தலை பாதுகாப்பின்றி மோதியது. மற்ற மூன்றிலும் கூடே நிலைகுலைந்தது. போலோவில் இரண்டு ஏர்பேக் பொருத்தி மறுபடி சோதித்தபோது நான்கு ஸ்டார் கிடைத்தது. ஏர்பேக் இல்லாத போலோவை இந்தியாவில் விற்பதையே ஃபோக்ஸ்வாகன் நிறுத்திக்கொண்டது.

அதே ஆண்டு நவம்பரில் சென்னை ஒரகடத்தில் செய்யப்பட்ட டாட்சன் கோ சோதனைக்கு வந்தது. கம்பெனி ஜப்பானின் நிஸான். கூடு மிக மோசமாகச் சிதைந்தது. இதில் ஏர்பேக் வைத்தாலும் பயனில்லை என்று சோதித்தவர்கள் சொன்னார்கள். அந்தக் காரைச் சந்தையிலிருந்து விலக்கும்படி குளோபல் என்கேப்பின் தலைவர் மேக்ஸ் மோஸ்லி, நிஸானின் தலைவர் கார்லோஸ் கோஸனுக்குக் கடிதம் எழுதினார்.

தயாரிப்பாளர்களின் சங்கமான சியாம் இந்தச் சோதனைகளைக் கடுமையாக எதிர்த்தது. கார்கள் இந்தியச் சட்டத்தை மீறவில்லை என்பது உண்மை. பொம்மைகளை அமரவைத்து, காரின் முன்பக்கத்தில் ஒரு பகுதியை மட்டும் தடுப்பில் மோதவிடும் சோதனையை அன்றைய இந்தியச் சட்டம் கேட்கவே இல்லை. சட்டம் கேட்காததை ஜெர்மன்காரரும் தரவில்லை, ஜப்பான்காரரும் தரவில்லை, நம்மவரும் தரவில்லை. 2014இன் பாடம் இதுதான்.

தகடா, கூடா?

காரின் 'கனம்' பற்றி நம்மிடம் ஊறிப்போன ஒரு நம்பிக்கையைச் சற்று நெருங்கிப் பார்க்க வேண்டும். ஷோரூமில் பானட்டைத் தட்டிப் பார்க்கிறோம், கதவைச் சாத்திச் சத்தத்தைக் கேட்கிறோம். வெளித்தகடு பெரும்பாலான கார்களில் ஒரு மில்லிமீட்டருக்கும் குறைவான கனம்தான். மோதலில் உயிர் காப்பதில் அதன் பங்கு மிகக் குறைவு. கதவின் சத்தம் ரப்பர் பீடிங்கையும் பூட்டின் அமைப்பையும் பொறுத்தது.

உயிர் காப்பது உள்ளே மறைந்திருக்கும் கூடு. காரின் முன்பகுதி திட்டமிட்டபடி மடங்கி, மோதலின் ஆற்றலை உண்டு தீர்க்க வேண்டும். பயணிகள் இருக்கும் பகுதி மடங்கவே கூடாது. இந்தக் கருத்துக்கு 1950களின் தொடக்கத்தில் மெர்சிடிஸ் பென்ஸின் பொறியாளர் பேலா பாரேனி காப்புரிமை பெற்றார். முன்புறம் நசுங்கினால் 'தகரம்' என்றும், நசுங்காமல் நின்றால் 'இரும்பு' என்றும் சொல்லும் நம் வழக்கம் தலைகீழ். முன்புறம் நசுங்காத கார் மோதலின் அதிர்ச்சி முழுவதையும் உள்ளே இருப்பவரின் நெஞ்சுக்கும் கழுத்துக்கும் கடத்திவிடும்.

விபத்துச் சோதனையின் படத்தைப் பார்க்கும்போது நசுங்கிய பானட்டை விட்டுவிடுங்கள். முன் கண்ணாடியின் ஓரத்தில் கூரையைத் தாங்கி நிற்கும் தூணைப் பாருங்கள். அது முழங்கை போல மடங்கியிருந்தால் கூடு தோற்றுவிட்டது. முன்கதவின் சட்டம் சதுரம் கெடாமல் இருக்கிறதா, மோதலுக்குப் பிறகும் கதவைக் கையால் திறக்க முடிகிறதா, ஸ்டீயரிங் ஓட்டுநரை நோக்கிப் பின்னேறியிருக்கிறதா, கால் வைக்கும் இடம் கிழிந்திருக்கிறதா என்று பாருங்கள். இந்த இடங்களில் பயன்படும் உயர்வலிமை எஃகு மெல்லியதாக இருந்தாலும் சாதாரண எஃகைவிடப் பல மடங்கு வலிமையுடையது. அது விலை கூடிய பொருள். வாங்குபவர் கண்ணுக்குத் தெரியாத பொருள். ஆகவே செலவைக் குறைக்க நினைக்கும் நிறுவனம் கைவைப்பதற்கு எளிதான இடமும் அதுதான்.

எடைக்கு மதிப்பே இல்லை என்று சொல்லிவிட முடியாது. இரண்டு கார்கள் நேருக்கு நேர் மோதினால் கனத்த காரில் இருப்பவருக்குச் சாதகம் உண்டு. அதனால்தான் சிறிய காரின் ஐந்து ஸ்டாரையும் பெரிய எஸ்.யூ.வியின் ஐந்து ஸ்டாரையும் ஒன்றாக வைத்துப் பேசக் கூடாது. தடுப்பில் மோதும் சோதனை, ஏறக்குறைய தன் எடையே உள்ள இன்னொரு காரோடு மோதுவதற்குச் சமம்.

ஒரே பெயர், இரண்டு உடம்பு

கம்பெனியின் நாட்டைவிடச் சந்தையின் சட்டமே முக்கியம் என்பதற்கு இரண்டு உதாரணங்கள் போதும்.

முதலாவது ரெனோ க்விட். பிரெஞ்சுக் கம்பெனி, ஒரகடத்துத் தயாரிப்பு. 2016இல் இந்திய க்விட் குளோபல் என்கேப் சோதனையில் பூஜ்யம் வாங்கியது. பிரேசிலில் விற்பதற்காக ரெனோ அதே க்விட்டின் கூட்டை வலுப்படுத்தி, நான்கு ஏர்பேக் வைத்தது. 2017இல் லத்தீன் என்கேப் சோதனையில் அது மூன்று ஸ்டார் பெற்றது. கம்பெனியும் பெயரும் தோற்றமும் ஒன்று, உள்ளுடம்பு வேறு.

இரண்டாவது உதாரணம் மெக்சிகோவில். 2016 அக்டோபரில் அமெரிக்காவின் நெடுஞ்சாலைப் பாதுகாப்புக் காப்பீட்டு நிறுவனமும் குளோபல் என்கேப்பும் லத்தீன் என்கேப்பும் சேர்ந்து இரண்டு நிஸான் கார்களை நேருக்கு நேர் மோதவிட்டன. ஒன்று மெக்சிகோவில் விற்ற மலிவான செடான், சூரு. மற்றொன்று அமெரிக்காவில் விற்ற மலிவான செடான், வெர்ஸா. இரண்டும் மெக்சிகோவில் செய்யப்பட்டவை. சூருவின் ஓட்டுநர் இடத்தில் இருந்தவர் உயிர் பிழைத்திருக்க வாய்ப்பில்லை என்று சோதனை காட்டியது. வெர்ஸாவின் கூடு தாங்கி நின்றது. ஒரே நாட்டுத் தொழிலாளர்கள், ஒரே கம்பெனியின் இரண்டு கார்கள். ஒன்று அமெரிக்கச் சட்டத்துக்காகவும் மற்றொன்று தளர்ந்த சட்டத்துக்காகவும் செய்யப்பட்டது. சூருவின் தயாரிப்பு 2017இல் நின்றது.

அமெரிக்கக் குழந்தைக்கு ஒரு கூடு, மெக்சிகோக் குழந்தைக்கு ஒரு கூடு. பிரேசில் தாய்க்கு ஒரு கார், தமிழ்நாட்டுத் தாய்க்கு ஒரு கார். இந்தப் பாகுபாட்டைக் கம்பெனியின் வணிக முடிவு என்று ஏற்றுக்கொண்டு நாம் கடந்துபோகக் கூடாது. அடிவிழும்போது எலும்பு முறிவது எல்லா நாட்டிலும் ஒன்றுபோலத்தான்.

நான்கே ஆண்டில் திருப்பம்

2014க்குப் பின் நடந்தது இந்த விவாதத்தின் திசையையே மாற்றியது. டாடாவின் ஸெஸ்ட், ஏர்பேக் இல்லாமல் பூஜ்யமும் மேம்படுத்திய பிறகு 2016இல் நான்கு ஸ்டாரும் வாங்கியது. 2018 ஆகஸ்டில் நான்கு ஸ்டார் பெற்ற டாடா நெக்ஸான், சில மாற்றங்களோடு அதே டிசம்பரில் ஐந்து ஸ்டார் பெற்றது. குளோபல் என்கேப்பில் ஐந்து ஸ்டார் வாங்கிய முதல் இந்தியக் கார் அதுதான். 2020இல் மஹிந்திரா எக்ஸ்.யூ.வி.300 ஐந்து ஸ்டார். அதே மஹிந்திராவின் ஸ்கார்ப்பியோ 2016இல் பூஜ்யம் வாங்கியிருந்தது. புதிய ஸ்கார்ப்பியோ-என் 2022இல் ஐந்து.

வெளிநாட்டுப் பெயர்களின் பட்டியலும் ஒருசீராக இல்லை. ஸ்கோடா குஷாக்கும் ஃபோக்ஸ்வாகன் டைகுனும் 2022இல் கடுமையாக்கப்பட்ட புதிய சோதனையில் ஐந்து ஸ்டார் வாங்கின. திருவள்ளூர்ப் பக்கத்தில் செய்யப்படும் பிரெஞ்சு சிட்ரோயனின் மின்சாரக் கார் இ-சி3, 2024இல் பூஜ்யம் வாங்கியது. ஹூண்டாயின் கிராண்ட் ஐ10 நியோஸ் 2020இல் இரண்டு ஸ்டார், வெர்னா 2023இல் ஐந்து ஸ்டார். இரண்டும் ஸ்ரீபெரும்புதூர் வட்டாரத்தின் ஒரே ஆலையிலிருந்து வருபவை. மாருதி ஸ்விஃப்ட் 2022இல் ஒரு ஸ்டார். ஏறக்குறைய அதே அடித்தளத்தில் எழுந்த புதிய டிசையர் 2024 நவம்பரில் ஐந்து ஸ்டார். மனம் வைத்தால் முடியும் என்பதற்கும், இத்தனை காலம் மனம் வைக்கவில்லை என்பதற்கும் டிசையரே சாட்சி.

மாற்றத்துக்குப் பின்னால் இரண்டு விசைகள் இருந்தன. ஒன்று, சட்டம். முன்மோதல், பக்கமோதல் சோதனைகள் 2017 அக்டோபரில் புதிய மாடல்களுக்கும் 2019 அக்டோபரில் மற்ற கார்களுக்கும் கட்டாயமாயின. ஓட்டுநருக்கு ஏர்பேக் 2019 ஜூலையிலும், முன்னிருக்கை இரண்டுக்கும் ஏர்பேக் 2021இலும் கட்டாயமாயின. மற்றொன்று, வாங்குபவர். ஸ்டார் என்ன என்று ஷோரூமில் கேட்கத் தொடங்கியதும், அதுவரை மைலேஜை மட்டும் விளம்பரம் செய்தவர்கள் ஸ்டாரையும் விளம்பரம் செய்தார்கள். 2023 அக்டோபர் முதல் நம் அரசின் பாரத் என்கேப் ஸ்டார் சோதனை நடைமுறைக்கு வந்தது. டாடாவின் ஹாரியரும் சஃபாரியும் முதலில் ஐந்து ஸ்டார் பெற்றன.

இதில் இரண்டு ஓட்டைகளை வாசகர் கவனிக்க வேண்டும். பாரத் என்கேப் சோதனைக்குக் காரை அனுப்புவது நிறுவனத்தின் விருப்பம், கட்டாயம் இல்லை. கட்டாயச் சட்டம் முன்மோதலில் கேட்கும் வேகம் 56 கிலோமீட்டர். ஸ்டார் சோதனையின் வேகம் 64. எட்டுக் கிலோமீட்டர் வித்தியாசம் சிறிதாகத் தோன்றலாம். மோதலின் ஆற்றல் வேகத்தின் இருமடிப் பெருக்கத்தில் கூடுவதால், கார் தாங்க வேண்டிய ஆற்றல் சுமார் 30 சதவீதம் அதிகமாகிறது. அரசுச் சான்று பெற்ற கார் என்பதும் ஐந்து ஸ்டார் கார் என்பதும் ஒன்றல்ல.

நீடித்த உழைப்பு எங்கிருந்து வருகிறது?

பாதுகாப்பு மோதலின் சில நொடிகளில் தெரியும். நம்பகத்தன்மை தெரியப் பத்து ஆண்டு ஆகும். அதனாலேயே அதைச் சுற்றி வதந்தியும் பெருமையும் அதிகம்.

இதற்கு மிகச் சிறந்த சோதனைக்களம் அமெரிக்காவின் கலிஃபோர்னியாவில், ஃப்ரீமாண்ட் நகரில் இருந்தது. அங்கிருந்த ஜெனரல் மோட்டார்ஸ் ஆலை, மோசமான தரத்துக்கும் தொழிலாளர் தகராறுக்கும் பெயர்போனதாக இருந்து 1982இல் மூடப்பட்டது. 1984இல் டொயோட்டாவும் ஜெனரல் மோட்டார்ஸும் கூட்டாக அதை நூம்மி என்ற பெயரில் திறந்தன. வேலைக்கு எடுத்தவர்களில் பெரும்பாலோர் பழைய தொழிலாளர்களே. குழுத் தலைவர்களை ஜப்பானின் தகாவோகா ஆலைக்கு அனுப்பிப் பயிற்சி கொடுத்தார்கள். குறை கண்ட தொழிலாளி யாரானாலும் கயிற்றை இழுத்து உற்பத்தி வரிசையையே நிறுத்தலாம் என்ற உரிமையைத் தந்தார்கள். பழைய ஆலையில் வரிசையை நிறுத்துவது பெருங்குற்றம். கெட்ட வண்டியை அப்படியே நகர்த்திவிட்டுக் கடைசியில் சரிசெய்வதுதான் வழக்கம். சீக்கிரமே ஃப்ரீமாண்ட் கார்களின் தரம் ஜப்பானிய ஆலைகளுக்கு இணையாக உயர்ந்தது. 'அமெரிக்கத் தொழிலாளிக்கு வேலை வராது' என்ற வாதம் அத்தோடு அடிபட்டுப்போனது.

அந்த ஆலை இன்னொன்றையும் காட்டியது. டொயோட்டா கொரோலாவும், ஜெனரல் மோட்டார்ஸ் பெயரில் ஜியோ பிரிஸ்மும் அங்கே செய்யப்பட்டன. இரண்டும் அடிப்படையில் ஒரே கார். ஆனால் கொரோலாவுக்கு விலை அதிகம், மறுவிற்பனையிலும் மதிப்பு அதிகம். மக்கள் காருக்கு அல்ல, பெயருக்குக் காசு கொடுத்தார்கள். இதன் இந்திய வடிவம் மாருதி பலேனோவும் டொயோட்டா கிளான்ஸாவும். 2019 முதல் ஒரே காருக்கு இரண்டு பெயர். அன்று மாருதி கொடுத்த வாரண்டி 2 ஆண்டு அல்லது 40,000 கிலோமீட்டர். டொயோட்டா கொடுத்தது 3 ஆண்டு அல்லது 1 லட்சம் கிலோமீட்டர். காரின் உடம்பில் வேறுபாடு இல்லாவிட்டாலும், காசு கொடுத்தவருக்கு இந்த வேறுபாடு உண்மையானது. 2024இல் மாருதியும் 3 ஆண்டு, 1 லட்சம் கிலோமீட்டருக்கு மாறியது.

பெயர் நிலையானதும் அல்ல. 1986இல் ஹூண்டாய் எக்ஸெல் அமெரிக்காவில் மலிவுக்குப் பெயர்பெற்று, பின் பழுதுக்குப் பெயர்கெட்டது. நிறுவனம் தரத்தில் முதலீடு செய்து, பத்தாண்டு வாரண்டி கொடுத்து, 2004இல் ஜே.டி. பவர் என்னும் ஆய்வு நிறுவனத்தின் தொடக்கத் தர ஆய்வில் ஹோண்டாவுக்குச் சமமாக நின்றது. இன்று கெட்ட பெயர் இருப்பதால் ஒரு நிறுவனத்தை என்றென்றைக்கும் தள்ளிவைப்பதும், நல்ல பெயர் இருப்பதால் கண்மூடி வாங்குவதும் ஒரே தவறின் இரண்டு முகங்கள்.

அடுத்து, தட்பவெப்பம். ஃபோக்ஸ்வாகன் குழுமத்தின் ஏழு கியர் டி.எஸ்.ஜி. கியர்பாக்ஸ் ஐரோப்பாவில் வரைந்தது. வெப்பமும் ஈரப்பதமும் மிகுந்த இடங்களில், நின்று நின்று நகரும் நெரிசலில், அதன் செயற்கை எண்ணெயால் மின்பகுதியில் கோளாறு வரலாம் என்று தெரிந்தது. 2013இல் உலகெங்கும் சுமார் 16 லட்சம் வாகனங்களைத் திரும்ப அழைத்துக் கனிம எண்ணெய் மாற்றினார்கள். ஜப்பானின் தகாட்டா ஏர்பேக்கின் கதை இன்னும் கொடியது. அதன் வெடிமருந்தான அம்மோனியம் நைட்ரேட், பல ஆண்டு வெப்பத்திலும் ஈரத்திலும் சிதைந்து, ஏர்பேக் விரியும்போது அளவுக்கு மீறி வெடித்தது. உலோகத் துண்டுகள் பாய்ந்து பலர் இறந்தார்கள். உலக வரலாற்றின் மிகப்பெரிய வாகனத் திரும்ப அழைப்பு அது. ஹோண்டா, டொயோட்டா, ஃபோர்டு, பி.எம்.டபிள்யூ என எல்லா நாட்டுக் கார்களிலும் அந்த ஏர்பேக் இருந்தது. சென்னை, தூத்துக்குடி போன்ற கடற்கரை ஊர்களில் பழைய கார் வைத்திருப்பவர்கள், தங்கள் காருக்கு இந்தத் திரும்ப அழைப்பு உண்டா என்று சேஸிஸ் எண்ணைக் கொடுத்து சர்வீஸ் சென்டரில் கேட்டுப் பார்ப்பது நல்லது.

மறைமலை நகரிலிருந்து அமெரிக்கா போன ஈக்கோஸ்போர்ட்டிலும் பழுதுக்குக் காரணம் செய்த ஊர் அல்ல. அதன் ஒரு லிட்டர் எஞ்சினில் ஆயில் பம்ப்பை ஓட்டும் பெல்ட் தொடர்பான குறைக்காக 2023இல் அமெரிக்காவில் ஃபோர்டு திரும்ப அழைத்த வாகனங்கள், ஃபோகஸ் கார்களையும் சேர்த்து, சுமார் 1.4 லட்சம். அந்த எஞ்சின் பிரிட்டனில் வரைந்தது. பழுது வரைபடத்தில் இருந்தது. மறைமலை நகர்த் தொழிலாளியின் கையில் இல்லை.

தரவு எங்கே?

இங்கே ஒரு பெரிய வெற்றிடம் இருக்கிறது. ஜெர்மனியில் எல்லாக் கார்களும் முதலில் மூன்றாம் ஆண்டிலும் பிறகு இரண்டு ஆண்டுக்கு ஒருமுறையும் கட்டாயச் சோதனைக்குப் போகின்றன. எந்த மாடலில் எந்தக் குறை எத்தனை சதவீதம் என்று ட்யூஃப் என்னும் சோதனை அமைப்பு ஆண்டுதோறும் அறிக்கை வெளியிடுகிறது. சாலையில் நின்றுபோன கார்களின் கணக்கை ஏ.டி.ஏ.சி. அமைப்பு வெளியிடுகிறது. பிரிட்டனில் மூன்றாண்டுக்குப் பின் ஆண்டுதோறும் நடக்கும் சோதனையின் முடிவுகளை அரசே யாரும் எடுத்துப் பார்க்கும்படி தருகிறது. அமெரிக்காவில் கன்ஸ்யூமர் ரிப்போர்ட்ஸ் என்னும் நுகர்வோர் அமைப்பு உரிமையாளர்களிடம் ஆண்டுதோறும் கேட்டுத் தொகுக்கிறது.

நம் நாட்டில் சொந்தக் காருக்குப் பதினைந்து ஆண்டுக்குப் பிறகுதான் தகுதிச் சான்றுக்கான சோதனை. அதன் முடிவுகளும் மாடல்வாரியாக வெளிவருவதில்லை. அதனால்தான் நம் விவாதம் "எங்க மாமா வண்டி ரெண்டு லட்சம் கிலோமீட்டர் ஓடிச்சு" என்பதைத் தாண்டுவதில்லை. ஒரு மாமாவின் அனுபவம் உண்மைதான்; லட்சம் கார்களின் நடத்தைக்கு அது சான்று ஆகாது. ஊருக்கு ஊர் மெக்கானிக்கும் பாகமும் கிடைப்பதால் மாருதி 'கெடாத வண்டி' என்று தோன்றலாம். சின்ன ஊரில் ஒரு பாகத்துக்காக மூன்று வாரம் காத்திருக்க நேர்ந்தால் நல்ல வண்டியும் 'கெட்ட வண்டி' ஆகிவிடும். இரண்டையும் பிரித்துப் பார்க்கத் தரவு வேண்டும்.

ஒரு முன்னேற்றம் உண்டு. 2012 முதல் நிறுவனங்கள் தாமாக முன்வந்து செய்த திரும்ப அழைப்பு, 2019இன் மோட்டார் வாகனத் திருத்தச் சட்டத்தால் கட்டாயமாகக்கூடியதாக மாறியது. 2021 ஏப்ரல் முதல் ஒரு மாடலில் குறிப்பிட்ட அளவுக்கு மேல் புகார் வந்தால் அரசு உத்தரவிடலாம். அபராதம் 10 லட்சம் முதல் 1 கோடி ரூபாய் வரை. ஆனால் இந்தச் சட்டம் புகாரின் எண்ணிக்கையை நம்பி நிற்கிறது. சர்வீஸ் சென்டரில் சண்டை போட்டுவிட்டு வீட்டுக்குத் திரும்பும் உரிமையாளர், அரசுத் தளத்தில் புகாரைப் பதிவு செய்யாவிட்டால் அந்தப் பழுது கணக்கில் வராது.

என்ன செய்யலாம்?

அரசு செய்ய வேண்டியது மூன்று. பாரத் என்கேப்பைக் கட்டாயமாக்கி, ஸ்டாரை ஷோரூமில் நிற்கும் ஒவ்வொரு காரின் கண்ணாடியிலும் ஒட்டவைக்க வேண்டும். ஏற்றுமதிக் காரில் தரும் பாதுகாப்பை உள்நாட்டுக் காரில் குறைப்பதைத் தடுக்க வேண்டும். தகுதிச் சோதனை, புகார், திரும்ப அழைப்பு மூன்றின் விவரங்களையும் மாடல்வாரியாகப் பொதுவில் வைக்க வேண்டும்.

வாங்குபவர் செய்ய வேண்டியதும் உண்டு. அட்வான்ஸ் கொடுப்பதற்கு முன் மூன்று கேள்விகளை எழுதிக்கொண்டு போங்கள்: இந்த மாடலைச் சோதித்தது யார், எந்த ஆண்டு விதிப்படி? சோதித்த காரில் இருந்த ஏர்பேக்கும் வண்டி சறுக்காமல் காக்கும் நிலைகாப்பு (இ.எஸ்.சி.) வசதியும் நான் வாங்கும் வேரியண்டிலும் இருக்கின்றனவா? என் ஊரிலிருந்து எத்தனை கிலோமீட்டரில் சர்வீஸ் சென்டர், வாரண்டி எத்தனை ஆண்டு? விற்பனையாளரின் பதிலை வாய்ச்சொல்லாக விடாமல் எழுத்தில் வாங்குங்கள்.

கடைசியாக ஒன்று. 2022 செப்டம்பர் 4ஆம் தேதி மகாராஷ்டிரத்தின் பால்கர் அருகே நடந்த விபத்தில் தொழிலதிபர் சைரஸ் மிஸ்திரி இறந்தார். அவர் சென்ற கார் மெர்சிடிஸ் பென்ஸ்; ஐந்து ஸ்டார் பெற்ற மாடல். முன்னிருக்கையில் இருந்த இருவர் பிழைத்தனர்; பின்னிருக்கையில் இருந்த இருவர் இறந்தனர். பின்னால் இருந்தவர்கள் சீட் பெல்ட் போடவில்லை என்று காவல்துறை தெரிவித்தது. ஏர்பேக்கும் வலுவான கூடும் சீட் பெல்ட்டை நம்பித்தான் வடிவமைக்கப்படுகின்றன. அடுத்த முறை காரை எடுக்கும்போது, அது எந்த நாட்டுக் காராக இருந்தாலும், பின்னிருக்கையில் இருக்கும் அம்மாவும் பிள்ளைகளும் பெல்ட் மாட்டிய பிறகே வண்டியை நகர்த்துங்கள்.